நாற்பதில் ஒரு கையெழுத்து

2025 ஆகஸ்ட் 3 அன்று இந்தியக் கால்பந்து வீரர் சுனில் சேத்ரிக்கு 41 வயது நிறைந்தது. மறுநாள் அவருடைய கிளப்பான பெங்களூரு எஃப்சி, முதல் அணியின் ஆட்டக்காரர்கள், பணியாளர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதே வாரத்தில் சென்னையின் எஃப்சியும் தன் செயல்பாடுகளை நிறுத்திக்கொண்டது. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் இந்தியன் சூப்பர் லீக்கை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனமும் செய்திருந்த 15 ஆண்டு உடன்படிக்கை அந்த டிசம்பரோடு முடியவிருந்தது. அதைப் புதுப்பிக்கும் பேச்சு எங்கேயோ சிக்கிக்கொண்டது. லீக் நடக்குமா என்றே தெரியாதபோது யாருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

முப்பதைக் கடந்த நட்சத்திரத்துக்கு இன்னும் 3 ஆண்டு, 4 ஆண்டு என்று எழுதிக்கொடுப்பதா, ஆண்டுக்கு ஆண்டு பார்த்துக்கொள்வதா என்பது உலகக் கால்பந்தில் ஓயாத வழக்கு. கிளப் பக்கம் நிற்பவர்கள் ஆட்டக்காரரின் முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இந்தியாவில் 2025இல் ஆட்டக்காரரின் கால் நன்றாகத்தான் இருந்தது. 40 வயதில் 14 கோல் அடித்துவிட்டு வந்திருந்தார் சேத்ரி. நிற்க முடியாமல் போனது கிளப்.

மேட்டூர்ப் பக்கத்து வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. பெங்களூரு எஃப்சியை 2013இல் தொடங்கி நடத்திவருவது ஜேஎஸ்டபிள்யூ குழுமம். மேச்சேரி அருகே பொட்டனேரியில் இருக்கும், ஒரு காலத்தில் சிஸ்கால் என்று அறியப்பட்ட இரும்பாலையும் அவர்களுடையதே. ஐபிஎல்லில் டெல்லி கேப்பிட்டல்ஸ் அணியிலும் அந்தக் குழுமத்துக்குப் பங்கு உண்டு. 2024 நவம்பரில் ஜெத்தாவில் நடந்த ஏலத்தில் சின்னப்பம்பட்டி நடராஜனை 10.75 கோடி ரூபாய் கொடுத்து எடுத்தது அந்த அணிதான். அப்போது அவருக்கு 33 வயது. ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக அறிமுகமாகி, 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போய், மீண்டு வந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர். 2025 பருவத்தில் அவர் களமிறங்கியது 2 ஆட்டங்களில் மட்டும். ஆனாலும் 2026க்கு அணி அவரைத் தக்கவைத்துக்கொண்டது.

பொட்டனேரிக்கும் சின்னப்பம்பட்டிக்கும் இடையே அதிக தூரமில்லை. இரும்பாலை, நடராஜன், சேத்ரி மூன்றும் ஒரே குழுமத்தின் கணக்கில் சந்திக்கின்றன. ஆனால் நடராஜனின் ஒப்பந்தமும் சேத்ரியின் ஒப்பந்தமும் ஒரே இனமல்ல. ஐபிஎல்லில் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அணி விரும்பினால் விடுவிக்கலாம், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். சாவி அணியின் கையில். கால்பந்தில் 4 ஆண்டுக்குக் கையெழுத்திட்டால் 4 ஆண்டும் இரு தரப்பையும் கட்டும். கிழவராகிவிட்டார் என்று சொல்லி நடுவில் கழற்றிவிட முடியாது. அதனால்தான் கால்பந்தில் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு கனம்.

அந்தக் கனத்தை ஐரோப்பாவில் நன்றாக உணர்ந்த கிளப் ஆர்சனல். பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் காலத்தில் முப்பதைத் தாண்டியவருக்கு ஒரு நேரத்தில் ஓராண்டு நீட்டிப்புதான் என்பது ஏறக்குறைய வீட்டுச் சட்டம். 2006இல் ராபர்ட் பிரெஸ் இரண்டாண்டு கேட்டார், கிடைக்கவில்லை. அந்த மே மாதம் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், கோல்கீப்பர் லேமன் சிவப்பு அட்டை வாங்கியதும் மாற்றுக் கீப்பருக்கு இடம் வேண்டும் என்று 20 நிமிடம்கூட ஆகுமுன் பிரெஸை வெளியே அழைத்தார் வெங்கர். அதுவே ஆர்சனலில் அவருக்குக் கடைசி ஆட்டம். ஸ்பெயினின் வில்லாரியலுக்குப் போனார். போன ஆகஸ்டிலேயே முழங்கால் தசைநார் கிழிந்து மாதக்கணக்கில் ஆடவில்லை. வெங்கரின் கணக்கு அச்சாகப் பலித்தது என்று அன்று பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 2007-08 பருவத்தில் வில்லாரியல் ஸ்பெயின் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தபோது அந்த அணியில் பிரெஸும் இருந்தார். ஓராண்டுக் கணக்கில் வெங்கர் ஜெயித்தார். இரண்டாண்டுக் கணக்கில் வில்லாரியல் ஜெயித்தது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்துக்கு எஃப்சி கோவாவின் நட்சத்திரமாக வந்து இறங்கியதும் இதே பிரெஸ்தான், 41ஐத் தொடும் வயதில்.

வெங்கர் வகுத்த கட்டுப்பாடு அவர் இருக்கும்போதே தளர ஆரம்பித்தது. 2018 தொடக்கத்தில் 29 வயது மெசுட் ஓசிலுக்கு மூன்றரை ஆண்டு நீட்டிப்பு. வாரச் சம்பளம் சுமார் 3.5 லட்சம் பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. 2020 மார்ச்சுக்குப் பிறகு அவர் ஆர்சனலுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே 2020 செப்டம்பரில் 31 வயது ஔபமெயாங்குக்கு மூன்றாண்டு. 2022 பிப்ரவரியில் பேசித் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். பார்சிலோனாவும் 2020 அக்டோபரில் 33 வயது ஜெரார்ட் பிக்கேவுக்கு 2024 வரை எழுதிக்கொடுத்தது. அவர் 2022 நவம்பரில் ஓய்வு பெற்றுவிட்டார். கடன் மலையாகக் குவிந்த கிளப்பில், இன்றைய சம்பளத்தைக் குறைத்து நாளைக்குத் தள்ளிப்போடும் வழியாகவும் நீண்ட ஒப்பந்தங்கள் பயன்பட்டன. வயதானவரின் கால் மீது வாங்கிய கடன் அது.

எதிர்ப்பக்கம் ரியல் மாட்ரிட். 2021இல் செர்கியோ ராமோஸ் இரண்டாண்டு கேட்டார். ஓராண்டுதான் என்றது கிளப். அவர் பாரிஸுக்குப் போனார். காயத்தால் நவம்பர் இறுதி வரை அங்கே முதல் ஆட்டம் ஆட முடியவில்லை. அதே மாட்ரிட்டில் லூகா மோட்ரிச் ஒவ்வொரு கோடையிலும் ஓராண்டு, ஓராண்டு என்று கையெழுத்திட்டு 39 வயது வரை ஆடினார். அவர் 2025இல் மிலானுக்குப் போனது ஓராண்டு ஒப்பந்தம் அவமானம் என்று நினைத்து அல்ல. கிளப் அதற்குமேல் நீட்டவில்லை என்பதால். ஒவ்வொரு வருடமும் தன்னை நிரூபிக்கத் தயாராக இருந்தவர் நிலைத்தார். ஆனால் மோட்ரிச்சை விதியாக்குவது நியாயமில்லை. அந்த ஓராண்டுச் சம்பளமே பல தலைமுறைக்குப் போதும் என்ற நிலையில் இருப்பவரால்தான் அப்படிக் காத்திருக்க முடியும்.

உடம்பின் கணக்கு ஓரளவு தெளிவானது. முப்பதுக்குப் பிறகு முதலில் குறைவது வேக ஓட்டம்; அடுத்தது, ஒரு வேக ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே மூச்சு திரும்பும் நேரம் கூடுவது. தொடையின் பின்தசைக் காயம் வயது ஏற ஏற அடிக்கடி வருகிறது. பந்தைச் சரியாகக் கொடுப்பது, எங்கே நிற்பது என்று அறிவது, எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று முன்கூட்டிப் படிப்பது ஆகியவை அப்படிக் குறைவதில்லை. சிலருக்குக் கூடவும் செய்கின்றன. ஆகவே கோல்கீப்பருக்கும் நடுப் பின்வரிசைக்காரருக்கும் 35 என்பது வேறு. ஓரத்தில் ஓடியே பிழைக்கும் விங்கருக்கு 35 என்பது வேறு. எல்லோருக்கும் முப்பது என்று ஒரே கோடு போடும் கிளப் பாதி ஆட்டக்காரர்களைத் தவறாக எடைபோடுகிறது.

முகமது சலாவின் அனுபவம் இதன் இன்னொரு முகம். 2025 ஏப்ரலில், 32 வயதில், லிவர்பூலில் இரண்டாண்டு நீட்டிப்பு. அந்தப் பருவத்தில் பிரீமியர் லீக்கில் 29 கோல்கள், 18 கோல்களுக்கு உதவி, கூடவே கோப்பை. இவருக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்று ஊரே கேட்டது. எட்டு மாதத்துக்குள், நவம்பர் இறுதியிலிருந்து, தொடர்ந்து மூன்று ஆட்டங்கள் அவர் ஆரம்ப அணியில் இல்லை. மனக்குறையைப் பகிரங்கமாகக் கொட்டினார். உச்சத்தில் போடும் கையெழுத்து, ஆடி முடித்த பருவத்துக்கான பரிசாகிவிடுகிறது. ஆடப்போகும் பருவத்துக்கான விலை அதில் வருவதே இல்லை.

சென்னை இந்தப் பாடத்தை அதற்கு ஏழு ஆண்டு முன்பே படித்தது. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், இறுதியாட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் பாய்ந்து முட்டி முதல் கோல். சென்னையின் எஃப்சி அசரவில்லை. கார்னரிலிருந்து வந்த பந்துகளை மெய்ல்சன் ஆல்வெஸ் இடைவேளைக்குள் இரண்டு முறை தலையால் வலைக்குள் அனுப்பினார். பின்னர் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோல். 3-2, கோப்பை சென்னைக்கு. வென்ற அணியைக் கலைக்க யாருக்கு மனம் வரும்? மெய்ல்சன், அகஸ்டோ, முப்பத்தாறு வயதைக் கடந்த இனிகோ கால்டரான், முன்வரிசை ஜெஜே என்று அணியின் முதுகெலும்பு அப்படியே தொடர்ந்தது. அடுத்த பருவம்: 18 ஆட்டங்கள், 9 புள்ளிகள், பட்டியலில் கடைசி இடம்.

அந்தச் சரிவை வயதின் மீது மட்டும் சுமத்த முடியாது. ஜெஜேக்கு அப்போது 27தான். முந்தைய பருவத்தில் 9 கோல் அடித்தவருக்குக் கோல் வறண்டது. வியாசர்பாடியிலிருந்து வந்த நடுக்கள வீரர் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தார். வயதைக் காட்டிலும் பெரிய பிழை, கோப்பை வென்ற மகிழ்ச்சியிலேயே அடுத்த ஆண்டின் அணியையும் தீர்மானித்துவிட்டது. முகத்துக்கு முகம் பார்த்து, நன்றிக் கடனாக நீட்டிக்கும் ஒப்பந்தம் 27 வயதுக்காரரிடமும் தோற்கலாம்.

குட்டை ஒப்பந்தமும் பாதுகாப்பு அல்ல. 2019-20இல் லித்துவேனியாவின் நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்துத் தங்கக் காலணி பெற்றார். அணி இறுதியாட்டம் வரை போயிற்று. அவரை மேலும் கட்டிவைக்கும் ஒப்பந்தம் சென்னையிடம் இல்லை. பயிற்சியாளர் ஓவன் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார், வால்ஸ்கிஸும் போனார். அடுத்த பருவத்தில் சென்னை எட்டாம் இடம், கோலுக்குப் பஞ்சம்.

சேத்ரிக்குத் திரும்பலாம். 2021இல் 36 வயதில் அவருக்கு இரண்டாண்டு நீட்டிப்பு கொடுத்தது பெங்களூரு. இடையில் சரிவு வந்தது. 2023-24 பருவத்தை அணி பத்தாம் இடத்தில் முடித்தது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு 94 சர்வதேச கோல்களுடன் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 39 வயது, பத்தாம் இடம், ஓய்வு: விடுவதற்கு இதைவிட நல்ல தருணம் எந்தக் கணக்காளருக்கும் கிடைக்காது. கிளப் விடவில்லை. அடுத்த பருவத்தில் ஆட்டத்தின் நடுவில் இறங்கியும் முதலிலிருந்து ஆடியும் 14 கோல்கள். இந்திய ஆட்டக்காரர்களில் அதுதான் அதிகம். 2024 டிசம்பர் 7 அன்று கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஹாட்ரிக், லீக் வரலாற்றில் அந்தச் சாதனை செய்த மிக மூத்தவர். அணி இறுதியாட்டத்தில் மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது.

அந்தப் பருவத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். சேத்ரி முன்போல் 90 நிமிடமும் ஓடவில்லை. ஓடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். பெட்டிக்குள் பந்து வரும் இடத்தில் நிற்க அவர் இருந்தார். பெனால்டி அவர் காலில். ஒப்பந்தம் பலித்ததற்குக் காரணம் அதன் நீளமல்ல, அவருக்கான வேலையைப் பயிற்சியாளர் ஜெரார்ட் சரகோசா வெட்டித் திருத்தியதுதான். பழைய வேலையையே பழைய சம்பளத்துக்குச் செய்யச் சொல்லும் நீட்டிப்புகள்தான் தோற்கின்றன.

மூத்தவரைத் தக்கவைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அது கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. 2025 மார்ச்சில் தேசிய அணிக்கு கோல் அடிக்க ஆளில்லை என்று 40 வயது சேத்ரியையே திரும்ப அழைத்தார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக 95ஆவது கோலும் வந்தது. அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான கதவு மூடிக்கொண்டது. கிளப்புகள் நடு முன்வரிசையை வெளிநாட்டவருக்கும் மிச்சத்தைச் சேத்ரிக்கும் கொடுத்தால் 20 வயது இந்திய ஸ்ட்ரைக்கர் எங்கே நின்று பழகுவான்? குற்றம் சேத்ரியுடையது அல்ல. அவருக்கு அருகில் ஓர் இளைஞனை நிறுத்தி, இந்த ஆண்டு 20 ஆட்டம் உனக்கு, 10 ஆட்டம் அவருக்கு என்று எழுதாத நிர்வாகங்களுடையது.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தின் உச்ச நீளம் பொதுவாக 5 ஆண்டு என்கிறது ஃபிஃபா. காலம் முடிய 6 மாதமே இருந்தால் ஆட்டக்காரர் வேறு கிளப்புடன் பேசிக் கையெழுத்திடலாம். ஒப்பந்தத்தை முறித்தால் கடும் தண்டனை உள்ள ‘பாதுகாப்புக் காலம்’, 28 வயதுக்கு முன் கையெழுத்திட்டவருக்கு 3 ஆண்டு, அதற்குப் பின் கையெழுத்திட்டவருக்கு 2 ஆண்டு. அதாவது வயதானவரின் மூன்றாவது ஆண்டு மற்றவர்களுடையதைப் போல இறுக்கமானதல்ல என்று விதியே ஒப்புக்கொள்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தால், 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு ஆட்டக்காரர் வெளியேறலாம். 2025இல் இந்திய ஆட்டக்காரர்கள் பலருக்கு அதிகம் தேவைப்பட்ட பிரிவு இந்தக் கடைசிப் பிரிவாகத்தான் இருந்திருக்கும். வெளியேறி எங்கே போவது என்பதற்குத்தான் அதில் பதில் இல்லை.

தமிழ்நாட்டுக் கால்பந்திடம் இதற்கு ஒரு பழைய பதில் இருந்தது. இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை போன்றவற்றின் அணிகள்தான் சென்னை லீக்கைச் சுமந்தன. நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், லீக் நாளில் மைதானம். 33இல் அணியில் இடம் போகும், வேலை போகாது. முடிந்தவர் அதே அணிக்குப் பயிற்சியாளராகலாம், இல்லாவிட்டால் கவுன்ட்டரில் உட்காரலாம். சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்காக ஆடி, அந்த அணிக்கே பயிற்சியாளராகி, பின்னர் சென்னையின் எஃப்சியில் துணைப் பயிற்சியாளராகி, 2022இல் நெருக்கடி வந்தபோது தற்காலிகத் தலைமைப் பயிற்சியாளராகவும் நின்றார். ஓர் ஆட்டக்காரரின் அறிவு முப்பதோடு முடிவதில்லை என்பதற்கு அவர் போதுமான சாட்சி.

அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளராகச் சேர்ந்தவர் பெர்மனென்ட் ஆக எத்தனை வருடம் காத்திருக்கிறார் என்பது மேட்டூரில் வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம். அங்கே பையன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், இதில் வேலை கிடைக்குமா என்றுதான் அம்மா முதலில் கேட்பார். தப்பான கேள்வி அல்ல அது. பழைய துறை அணிகளால் அதற்கு ஆம் என்று சொல்ல முடிந்தது. அவற்றின் குறைகளும் மெய்தான்: ஆட்டம் மந்தமானது, வயதானவர்கள் இடத்தை விட மறுத்தார்கள், ஆசியக் கூட்டமைப்பின் கிளப் உரிம விதிகள் வந்தபின் உயர்மட்ட லீக்கில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போனது. ஆனாலும் ஒரு காரியத்தை அவை தெளிவாகப் பிரித்து வைத்திருந்தன. ஆடும் பதினோரு பேரில் இடம் ஒரு கணக்கு, பிழைப்புக்கான சம்பளம் இன்னொரு கணக்கு. தொழில்முறை கிளப்புகள் வந்து இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துவிட்டன. 34 வயதுக்காரர் நான்காண்டு கேட்பது நான்காண்டு ஆட முடியும் என்ற நம்பிக்கையால் மட்டுமல்ல. ஆட்டம் நின்ற மறுநாள் கையில் ஒன்றும் இல்லை என்ற பயத்தாலும்தான்.

அதனால் நீண்ட ஒப்பந்தம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இங்கே நேரான விடை ஒன்றைச் சொல்ல முடியும்: கொடுக்கலாம், ஆனால் இரண்டாக உடைத்து. முப்பத்திரண்டைக் கடந்தவருக்கு ஆடும் ஒப்பந்தம் ஒரு பருவம். குறிப்பிட்ட ஆட்ட எண்ணிக்கையைத் தொட்டால் தானாக இன்னொரு பருவம். கூடவே, ஆட்டம் முடிந்தபின் தொடங்கும் இரண்டு மூன்றாண்டு வேலை ஒப்பந்தம்: இளையோர் அணிப் பயிற்சி, ஆள் தேடும் பணி, பள்ளிகளுக்குப் போய்ப் பார்க்கும் பொறுப்பு, பயிற்சியாளர் உரிமப் படிப்புக்கான செலவு. சம்பளம் ஆட்டச் சம்பளத்தில் ஒரு பங்காக இருந்தால் போதும். 36 வயதுக்காரருக்கு இரண்டு பருவம் முழுச் சம்பளம் கொடுத்து பெஞ்சில் உட்காரவைக்கும் செலவைவிட இது மலிவு. முடிவைப் பருவத்தின் நடுவில், அந்த ஆறு மாத எல்லைக்கு முன்பே எடுக்க வேண்டும்; கோப்பையைத் தூக்கிய இரவில் அல்ல.

ஜேஎஸ்டபிள்யூ போன்ற குழுமத்துக்கு இது எட்டாத காரியமில்லை. பெல்லாரி பக்கம் விஜயநகரில் விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறார்கள், இளையோர் அணிகள் வைத்திருக்கிறார்கள். பொட்டனேரி ஆலையைச் சுற்றியிருக்கும் பள்ளிகளுக்கு வாரம் இரண்டு நாள் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரை அனுப்புவது அவர்கள் கணக்கில் ஒரு வரிகூட ஆகாது. சின்னப்பம்பட்டியில் நடராஜன் 2023இல் தானே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். கிளப்புகள் எழுதிக்கொடுக்க மறந்த இரண்டாவது ஒப்பந்தத்தை அவர் தனக்குத் தானே எழுதிக்கொண்டார் எனலாம். எல்லோராலும் அது முடியாது.

2026 ஜனவரியில், லீக் பிப்ரவரி 14 அன்று 14 கிளப்புகளோடு, சுருக்கிய வடிவில் தொடங்கும் என்று ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். புதிய ஏற்பாட்டில் ஒளிபரப்பு, வருவாய்ப் பங்கு, உரிமக் கட்டணம் பற்றியெல்லாம் நிறையப் பேச்சு எழுந்தது. ஆட்டக்காரரின் நிலையான ஒப்பந்தப் படிவத்தையும் இந்தச் சமயத்திலேயே மாற்றி எழுதலாம்: லீக் நின்றால் சம்பளம் எத்தனை மாதம் தொடரும், அதற்கான வைப்புத்தொகையைக் கிளப் எங்கே கட்ட வேண்டும், 30 வயதைக் கடந்தவருக்கு இரண்டாம் பகுதி ஒப்பந்தம் கட்டாயமா இல்லையா. சேத்ரிக்கு இவை எதுவும் தேவைப்படாது. அவர் பெயரே அவருக்குக் காப்பீடு. இவை தேவைப்படுவது வியாசர்பாடியிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ போய், ஏழெட்டுப் பருவம் பின்வரிசையில் நின்று, 31 வயதில் ஒரு கிளப் மேலாளரின் அழைப்புக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரருக்கு. அவரிடம் கிளப் சொல்ல வேண்டியது, எத்தனை ஆண்டு ஆடவைப்போம் என்பதை மட்டுமல்ல. ஆடி முடித்த அடுத்த ஜூன் மாதம் அவர் எங்கே வேலைக்குப் போவார் என்பதையும்.